மலைப்பாதைக்கு மஞ்சள் விளக்கு

காலை ஒன்பது மணி இருக்கும். என் வண்டி ஒயரிங் கடையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். கோவிந்தனின் ஜீப் வந்து நின்றது.

எப்போதும் ஹாரனை இரண்டு முறை அடித்து, "அண்ணே, டீ சொல்லு" என்று கத்திக்கொண்டே இறங்குகிறவன் அவன். அன்று இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் அவன் மனைவி பச்சையம்மாள். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த துணிப்பை. அவள் என்னைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கோவிந்தன் இறங்கி வந்தான்.

"மேல இருக்கறத கழட்டிடுண்ணே. கழட்டிட்டு, கீழ போட்டுடு."

நான் நிமிர்ந்து ஜீப்பின் தலையைப் பார்த்தேன். கூரையின் முன்பக்கம் வரிசையாக நான்கு வட்ட விளக்குகள். மழைச்சேறு காய்ந்து கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. அந்த நான்கையும் எட்டு மாதத்துக்கு முன்னால் மாட்டியவன் நான்தான்.

அவர்களுடைய முதல் குழந்தை பிறக்கும் முன்பே இறந்து, அன்றைக்கு இருபது நாள் ஆகியிருந்தது.

இந்தத் தொடரில் வண்டிகளைப் பற்றி எழுதியபோதெல்லாம் சிரிக்கும்படியாகவே எழுதிவந்திருக்கிறேன். கரும்பு டிராக்டருக்குக் கல்யாண சீரியல் பல்பு மாட்டிய கதையைப் படித்துவிட்டு, இதேபோல் இன்னொன்று எழுதுங்கள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். இந்த வாரம் என்னால் அது முடியாது. எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒன்று இது.

வெள்ளை வெளிச்சம்

கோவிந்தன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து மண்பாதையில் உள்ளே போனால் அவன் ஊர். தினையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. கோவிந்தனின் ஜீப்தான் பஸ், லாரி, பால் வண்டி எல்லாம். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவன் வந்து கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது.

"கீழ பம்பர்ல மஞ்ச லைட்டு ரெண்டு போட்டுடுண்ணே. மேகம் எறங்கிட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

நான் சிரித்தேன்.

"மஞ்ச லைட்டுல இன்னா வெளிச்சம் இருக்குது? மேல நாலு வெள்ளை போட்டுத் தரேன். பகல் மாதிரி அடிக்கும் பாரு."

"பனிக்கு மஞ்சதான் நல்லதுன்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்றாங்க."

"யாரு சொன்னது? வேலை செய்யறவன் நானா அவங்களா?"

"நீ சொன்னா சரிண்ணே."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் வேலை கற்றது உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலை ஓரத்து லாரி ஷெட் ஒன்றில். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போகிற லாரிகள் வந்து நிற்கும். எதிரில் வருகிறவனின் கண் கூசினால் அதுதான் நல்ல விளக்கு என்று நினைத்த டிரைவர்கள் அங்கே நிறைய. எனக்கும் அதுவே படிந்துவிட்டது. வெளிச்சம் என்றால் ஜாஸ்தியாக இருக்க வேண்டும், உயரத்தில் இருக்க வேண்டும், தூரம் அடிக்க வேண்டும். அதற்கு மேல் யோசித்ததில்லை.

பனி என்பதையும் நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பனியாகத்தான் அறிந்திருந்தேன். மார்கழியில் கரும்புத் தோட்டத்தின் மேல் படுத்திருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். கையில் தொடுகிற மாதிரி மேகம் பாதையில் வந்து நிற்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மலைக்கு வேலையாகப் போனதெல்லாம் நல்ல வெயிலில், மத்தியான நேரத்தில்.

நான்கு விளக்கையும் மாட்டிய அன்று சாயங்காலம் இருட்டியதும் ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். எதிர்க்கரைப் பனைமரத்தில் காய்ந்த மட்டை தெரிந்தது. கோவிந்தன் கை தட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று விடியற்காலையில்

நடந்ததை என் மனைவி கலாதான் முதலில் சொன்னாள். மார்க்கெட்டில் மலைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்தாள்.

கோவிந்தனும் பச்சையம்மாளும் ஊரிலிருந்து தள்ளி, தோட்டத்துக் கொட்டகையில் இருந்தார்கள். அறுப்பு நேரம். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. விடியற்காலையில் திடீரென்று வலி வந்துவிட்டது, கூடவே உதிரப்போக்கும். அந்த இடத்தில் போன் எடுக்காது. ஊருக்குள் போய் ஆள் கூப்பிட்டு வரலாம் என்றால் அதற்குள் என்ன ஆகுமோ என்று பயம். இருந்தபடியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

பாதையில் மேகம் இறங்கியிருந்தது. முக்கால் மணி நேரப் பாதைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கீழே வந்து சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. பெண் குழந்தை.

"மேகத்துல வண்டி ஓட்ட முடியலையாம்" என்றாள் கலா.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவளத்தை விழுங்கினேனா இல்லையா என்று நினைவில்லை. கலாவுக்கு வேறொன்றும் தெரியாது. விளக்கு மாட்டியது நான் என்பது தெரியும். அவன் வேறு விளக்கு கேட்டான் என்பது தெரியாது.

அன்றைக்குக் கடைக்குப் போய், பழக்கமான மலை டிரைவர் ஒருவரை போனில் பிடித்து, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். மேகத்தில் கூரை விளக்கைப் போட்டால் என்ன ஆகும்?

அவர் சொன்னார்: "ஐயோ, அத்தப் போட்டா மூஞ்சி முன்னால வெள்ளை வேட்டி கட்டி வுட்ட மாதிரி ஆயிடுங்க. பானெட்டே தெரியாது. மேகத்துக்குக் கீழயிருந்துதான் அடிக்கணும்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் எந்த வண்டியையும் தொடவில்லை.

கழற்றியதும் மாட்டியதும்

ஏணி போட்டு ஏறி நான்கையும் கழற்றினேன். கூரையிலிருந்து பேட்டரி வரைக்கும் போன ஒயரை இழுத்து எடுத்தேன். கருப்பு உறை எங்கேயும் கிழியவில்லை. ஃப்யூஸ் சரியாக இருந்தது. கூரையில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. எட்டு மாதம் மலைப்பாதையில் குலுங்கியும் ஒரு இணைப்புகூடத் தளரவில்லை.

வேலையில் ஒரு குறையும் இல்லை. எங்கேயாவது ஒரு ஒயர் பிய்ந்திருந்தால், ஒரு துரு பிடித்திருந்தால், அதன் மேல் கொஞ்சம் பழி போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

கோவிந்தன் டயரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட மாட்டானா என்று இருந்தது.

பச்சையம்மாள் வண்டியிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குத்தான் கீழே வந்திருந்தார்கள். கலா வந்து, "உள்ள வாம்மா, வெயில்ல எதுக்கு உக்காந்துக்கினு இருக்கறே" என்று கையைப் பிடித்து இறக்கினாள். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அரை மணி கழித்து கலா மட்டும் வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் பால் ஊறிக்கினு இருக்குதுங்க. துணிய மடிச்சி வெச்சிக் கட்டிக்கினு, யார்கிட்டயும் சொல்லாம இருந்துச்சி. எனக்கு மனசு தாங்கல. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கினு போய்ட்டு வரேன். ரெண்டு பேரும் இன்னிக்கி நம்ம வூட்லயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். வண்டிக்குக் கீழே அழுதால் யாருக்கும் தெரியாது. கிரீஸ் பட்ட கையால் கண்ணைத் துடைக்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

அவன் முதலில் கேட்ட இரண்டு விளக்குகளையும், இந்த முறை அவன் கேட்காமலே, பம்பருக்குக் கீழே, ஹெட்லைட்டுக்கு நன்றாகத் தாழ்வாக, இரண்டு பக்கமும் பட்டை இரும்பு வைத்து முடுக்கினேன். கல் தெறித்தால் உடையாமலிருக்க முன்னால் கம்பி வலை. விளக்கின் கண்ணாடி மஞ்சள். அதன் வெளிச்சம் மேலே போகாது, பக்கவாட்டில் விரிந்து தரையோடு படரும். ஒயரை இன்ஜின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனேன். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃப்யூஸ், அடுத்து ரிலே. சுவிட்சுக்குச் சின்னக் கரண்டு போனால் போதும், பெரிய கரண்டை ரிலே பார்த்துக்கொள்ளும்; சுவிட்ச் சூடாகி உருகாது. எர்த் ஒயர் பிடிக்கிற இடத்தில் பெயின்டை இரும்பு தெரியச் சுரண்டினேன்.

ஹெட்லைட்டை அணைத்தாலும் மஞ்சள் விளக்கு தனியாக எரிகிற மாதிரி சுவிட்சை வைத்தேன். மேகத்தில் மற்றதெல்லாம் அணைந்து இது மட்டும் எரிய வேண்டியிருக்கும் என்று அந்த டிரைவர் சொல்லியிருந்தார். இந்த முறை கேட்டுக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் ஜீப்பைச் சுவர் முன்னால் நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழே வரும்வரை விளக்கை முடுக்கினேன். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பச்சையம்மாள்.

"இது எத்தினி தூரம் காட்டும்ண்ணா?"

"தூரம் ஜாஸ்தி காட்டாதும்மா. கிட்டத்துல, தரையை நல்லா காட்டும்."

"ஆளு தெரியுமா?"

"தெரியும்."

"எது வரைக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. மேகத்தைப் பார்க்காதவன் எப்படிச் சொல்வேன்? எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஏதாவது ஒரு கணக்கை அடித்துவிட்டிருப்பேன்.

"தெரியலம்மா. காலைல நானும் மலைக்கு வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

மேகத்துக்குள்

பின்னால் என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனசு வராது. கோவிந்தன் இன்றைக்கும் அதே ஜீப்பைத்தான் ஓட்டுகிறான். அவர்களுக்கு அதன் பிறகு குழந்தை பிறக்கவில்லை. மலையில் யாருக்காவது வலி என்று கூப்பிட்டால் பச்சையம்மாளும் வண்டியில் ஏறிக்கொள்கிறாளாம். நான் கூரை விளக்கு மாட்டுவதை விடவில்லை. ஆனால் எந்த ஊர், எந்தப் பாதை, என்ன பருவம் என்று கேட்காமல் யாருக்கும் மாட்டுவதில்லை. கேள்வி கேட்கிறான் என்று வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

மறுநாள் விடியற்காலை மூவரும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது கிழக்கே வெளுத்திருந்தது. ஐந்தாறு வளைவு வரைக்கும் பாதை தெளிவாக இருந்தது. அதற்கு மேல் ஒரு திருப்பத்தில் சட்டென்று எல்லாம் போய்விட்டது. மரம், பாறை, பள்ளம், வானம், எதுவும் இல்லை. ஈரத் துணி மாதிரி ஒன்று முகத்தில் வந்து ஒட்டியது. இலை அழுகிய வாசனை. கோவிந்தன் ஹெட்லைட்டைப் போட்டான். முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நின்றது.

நான் மாட்டியது இதைப்போல நான்கு மடங்கு. அதுவும் தலைக்கு மேலே, கண்ணுக்கு நேராக.

ஹெட்லைட்டை அணைத்து மஞ்சள் விளக்கைப் போட்டான். சுவர் கலைந்தது. பாதை ஓரத்துப் புல், உடைந்த தார் விளிம்பு, பள்ளத்துப் பக்கம் நட்டிருந்த வெள்ளை அடித்த கற்கள், எல்லாம் தரையோடு தரையாகத் தெரிந்தன. கோவிந்தன் கியரை மாற்றி மெல்ல ஏற்றினான்.

மேலே கொஞ்சம் அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினோம். அன்று போல இறங்கும்போதுதான் சோதிக்க வேண்டும். கொஞ்ச தூரம் வந்ததும் பச்சையம்மாள், "நிறுத்து" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"நான் முன்னால நடக்கறேன். எது வரைக்கும் தெரியறேன்னு ரெண்டு பேரும் பாருங்க."

"வேணாம் பச்ச."

அவள் இறங்கிவிட்டாள். வண்டிக்கு முன்னால் போய், பாதை நடுவில், திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தாள்.

கோவிந்தன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவனிடமிருந்து வந்த சத்தம் மனிதக் குரல் மாதிரி இல்லை.

"அன்னிக்கும் இப்டித்தாண்ணே நடந்தா."

எனக்குப் புரியவில்லை.

"மேல் லைட்ட போட்டேன், ஒண்ணும் தெரியல. அணைச்சேன், அப்பவும் தெரியல. இடது சக்கரம் ஓரத்துல எறங்கிடுச்சி. அப்டியே பிரேக்கப் புடிச்சிக்கினு நின்னுட்டேன். கீழ பள்ளம். அவ சொன்னா, நான் எறங்கி முன்னால போறேன், என் பொடவையைப் பாத்துக்கினு வான்னு. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் எறங்கினா வண்டி யாரு ஓட்டறது? சரின்னுட்டேண்ணே. சரின்னுட்டேன்."

"வலியோடவா?"

"மூணு வளைவு. வலி வந்தா அப்டியே ரோட்லயே குந்திக்குவா. நான் வண்டிய நிறுத்திக்கினு பாத்துக்கினு இருப்பேன். வலி வுட்டதும் எழுந்து கைய ஆட்டுவா, வான்னு. மேகம் வுட்டதுக்கு அப்புறம்தான் ஏறினா. சீட்டெல்லாம் ரத்தம். இத்த நான் யார்கிட்டயும் சொல்லல. அவளும் சொல்லல."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது.

"கோவிந்தா, நீ மஞ்ச லைட்டுதான் கேட்டே. கீழதான் போடச் சொன்னே. நான்தான் கேக்கல. நீ மலைக்காரன், உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. தெரியலன்னும் எனக்குத் தெரியல. தப்பு என்னுதுடா."

அவன் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன்.

"நீ சொன்னே, சரின்னேன். அவ சொன்னா, அதுக்கும் சரின்னேன். யாருகிட்டயாவது வேணாம்னு சொல்லியிருக்கணும்ணே நான். ஒருத்தர்கிட்டயாவது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் துளி துளியாக நீர் சேர்ந்து வழிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது.

கதவுப் பக்கம் பச்சையம்மாள் நின்றிருந்தாள். முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"எது வரைக்கும் தெரிஞ்சேன்?" என்று கேட்டாள்.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவள் நடந்தபோது இரண்டு பேரில் ஒருவரும் முன்னால் பார்க்கவில்லை. இரண்டு ஆண்களும் அவரவர் தப்பைப் பேசி அழுதுகொண்டிருந்தோம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. புருஷனின் கண்ணைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டாள்.

"மறுபடி போறேன். இந்த வாட்டி பாருங்க."

இந்த முறை கோவிந்தன் கண்ணாடியைத் துடைத்தான். ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, இமைக்காமல் பார்த்தான். நானும் பார்த்தேன்.

வெளிச்சம் கீழே இருந்ததால் முதலில் மறைந்தது அவள் தலை. பிறகு முதுகு. இடுப்புவரை மேகம் தின்றுவிட்டது. ஆனால் புடவைக் கரையும் இரண்டு பாதங்களும் தெளிவாகத் தெரிந்தன. ரப்பர் செருப்பு ஈரத் தாரில் படிந்து படிந்து எழுந்தது. முதல் வெள்ளைக் கல்லைத் தாண்டினாள். இரண்டாவது. மூன்றாவது. கோவிந்தன் வாய்க்குள்ளேயே, "தெரியறே... தெரியறே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆறாவது கல்லுக்குப் பக்கத்தில் பாதங்கள் நின்று, எங்கள் பக்கம் திரும்பின.

"இப்ப?" என்று மேகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

கோவிந்தன் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"தெரியறே பச்ச. நல்லா தெரியறே. அங்கயே நில்லு, நான் வரேன்."